ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் நடுவே

மானிட்டர் வாங்கப் போனாலும் சரி, போன் வாங்கப் போனாலும் சரி, கேம் விளையாடுகிறவர் என்று தெரிந்ததும் கடைக்காரர் முதலில் சொல்வது ஓர் எண்: 90, 120, 144, 240. எண் ஏற ஏற விலையும் ஏறும். அந்த எண்ணுக்குக் கொடுக்கும் பணம் விளையாட்டில் எங்கே தெரியும், எங்கே தெரியாது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த அத்தியாயம். அதற்கு முதல் வேலையாக எண்ணை நேரமாக மாற்றிக்கொள்ள வேண்டும். நொடிக்கு எத்தனை படம், அதாவது எத்தனை பிரேம் என்பதை எஃப்பிஎஸ் சொல்கிறது. விளையாடுகிறவரின் கண்ணும் கையும் உணர்வதோ, ஒரு படம் வந்தபின் அடுத்த படத்துக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பதை.

நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமும் திரையில் 33.3 மில்லி நொடி நிற்கிறது. 60 என்றால் 16.7. 120 என்றால் 8.3. 240 என்றால் 4.2. இப்போது கழித்துப் பாருங்கள். 30இலிருந்து 60க்குப் போகும்போது பிரேமுக்கு ஏறக்குறைய 17 மில்லி நொடி மிச்சமாகிறது. 60இலிருந்து 120க்குப் போனால் 8. 120இலிருந்து 240க்குப் போனால் 4. எண் ஒவ்வொரு தடவையும் இரண்டு மடங்காகிறது, மிச்சமாகும் நேரம் ஒவ்வொரு தடவையும் பாதியாகிறது. கிராபிக்ஸ் கார்டுக்கோ ஒவ்வொரு தடவையும் வேலை இரட்டிப்பு. அதனால்தான் 30க்கும் 60க்கும் உள்ள வித்தியாசத்தைக் கேம் தொடாத அம்மாகூடக் கண்டுபிடித்துவிடுகிறார். 60க்கும் 120க்கும் உள்ளதைத் தினமும் விளையாடுகிறவர் உணர்வார். 120க்கும் 240க்கும் உள்ளது போட்டிக்காகப் பயிற்சி எடுப்பவரின் கைக்குத்தான் பெரும்பாலும் புரியும்.

இந்தக் கணக்கில் பலரும் தவறவிடும் ஓர் எண் 40. பார்ப்பதற்கு 30க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் 40 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 25 மில்லி நொடி; 33.3க்கும் 16.7க்கும் சரியாக நடு. நேரத்தில் பார்த்தால் 60க்குப் போகும் வழியில் பாதி தூரத்தை 40 கடந்துவிடுகிறது. 2021இல் பிளேஸ்டேஷன் 5க்கு வந்த 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' கேமில், 120 ஹெர்ட்ஸ் டிவி, அதாவது நொடிக்கு 120 தடவை படத்தைப் புதுப்பிக்கும் டிவி வைத்திருப்பவர்களுக்கென்று 40 பிரேம் வசதியைப் பின்னர் சேர்த்தார்கள். கிராபிக்ஸ் அழகு கெடாமல் கை லேசானது. ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியை வைத்திருப்பவர்கள் பலர் திரையை 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கி வைத்து விளையாடுவதும் இதே கணக்கில்தான். சக்தி குறைந்த கருவியில் 60 எட்டவில்லை என்றால் 30க்குச் சரிந்துவிடாதீர்கள். திரை 40 அல்லது 120 ஹெர்ட்ஸில் ஓடும் என்றால், 40 கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

கண்ணுக்கு என்ன, கைக்கு என்ன

பிரேம் ரேட் கூடும்போது மூன்று விஷயங்கள் மாறுகின்றன. அசைவு வழுக்கிக்கொண்டு போகிறது. அசையும் பொருள் துலக்கமாகத் தெரிகிறது. பட்டனை அழுத்தியதற்குப் பதில் சீக்கிரம் வருகிறது.

முதலாவதைப் பற்றிப் பேசினாலே, "மனிதக் கண்ணுக்கு 24 பிரேமுக்கு மேல் தெரியாது, சினிமா 24இல்தானே ஓடுகிறது" என்று யாராவது சொல்வார்கள். இது தவறு. 1920களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது, ஒலி கேட்கும்படியாகவும் இருக்க வேண்டும், ஃபிலிம் செலவும் கட்டுப்படியாக வேண்டும் என்று நிலைபெற்ற வேகம் 24. கண்ணின் எல்லையை அளந்து வைத்ததல்ல. சினிமாவில் அது உறுத்தாததற்குக் காரணம் கேமராவின் ஷட்டர். வழக்கமாக ஒவ்வொரு பிரேமிலும் அது 48இல் ஒரு பங்கு நொடி திறந்திருக்கிறது. அந்த நேரத்துக்குள் ஓடுகிற ஆள் படத்தில் லேசாக இழுபடுகிறார், அந்த இழுபடல் ஒரு பிரேமை அடுத்ததோடு ஒட்டவைக்கிறது. கேம் வரையும் பிரேமில் அது இயல்பாக வருவதில்லை. ஒரு கணத்தை வெட்டி எடுத்துவைத்த கூர்மையான படம் அது. இன்னொன்று, சினிமாவில் கேமராவைத் திருப்புவது நாமல்ல. நம் கையால் திருப்பும் பார்வை தத்தித் தத்திப் போனால் உடனே தெரிந்துவிடும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் செட்டிங்ஸில் 60க்கு மாற்றிவிட்டு மவுஸை வட்டமாகச் சுழற்றுங்கள். அம்புக்குறி இடைவெளி விட்டுவிட்டுச் சிதறித் தெரியும். பிறகு 144க்கு மாற்றி அதையே செய்யுங்கள். அம்புகள் நெருங்கி வந்துவிடும்.

இரண்டாவது விஷயம் துலக்கம். எல்சிடி, ஓஎல்இடி திரைகளில் ஒரு பிரேம் வந்தால் அடுத்தது வரும்வரை அங்கேயே அசையாமல் நிற்கிறது. நம் கண்ணோ ஓடும் பொருளைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. நிற்கும் படத்தின் மேல் கண் நகர்ந்தால் படம் விழித்திரையில் இழுபடத்தான் செய்யும். 1920 பிக்சல் அகலத் திரையை ஒரு பொருள் இரண்டு நொடியில் கடக்கிறது என்று வையுங்கள், அதாவது நொடிக்கு 960 பிக்சல். 60 ஹெர்ட்ஸில் அது 16 பிக்சல் அளவுக்கு மங்கும். 120இல் 8. தூரத்தில் ஓடும் எதிராளியின் தலை அதற்குள் அடங்கிவிடும் அளவுதான் என்று நினைத்துப் பாருங்கள், 8க்கும் 16க்கும் உள்ள பேதம் புரியும். பழைய டியூப் டிவியில் புள்ளி மின்னி உடனே அணைந்துவிடும், அதனால் அங்கே 60கூடத் துல்லியமாக இருந்தது. பழைய கேம்களைப் பழைய டிவியில் ஆடினவர்கள் 'அப்போது இன்னும் நன்றாக இருந்ததே' என்று சொல்வது வெறும் ஏக்கமல்ல.

மூன்றாவதுதான் கேமுக்கே உரியது, என் கணிப்பில் மற்ற இரண்டையும்விடப் பெரியது. நீங்கள் பட்டனை அழுத்துகிறீர்கள். கேம் தன் அடுத்த சுற்றில்தான் அதைக் கவனிக்கிறது. பிராசஸர் அதன் விளைவைக் கணக்கிட, கிராபிக்ஸ் கார்டு வரைய, திரை அதைக் காட்டுகிறது. இந்தப் பயணத்துக்கு மூன்று பிரேம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 30 எஃப்பிஎஸ்ஸில் 100 மில்லி நொடி, 60இல் 50, 120இல் 25. ஒரு பிரேமில் மிச்சமாகிற நேரம் கைக்கு வந்து சேரும்போது இப்படிப் பெருகிவிடுகிறது. ஒன்றைப் பார்த்து விரலை அசைக்க மனிதருக்கு ஏறக்குறைய 200 முதல் 250 மில்லி நொடி ஆகிறது, அதில் 25 என்ன பெரிது என்று கேட்கலாம். எதிரே இருப்பவருக்கும் அதே 200தான். இருவரும் ஒரே கணத்தில் சுட்டால் கருவி யாரைக் குறைவாகக் காக்கவைக்கிறதோ அவர் முந்துகிறார். போட்டியை விடுங்கள், தனியாக ஆடும்போதுகூட, பார்வை மவுஸோடு ஒட்டிக்கொண்டு திரும்புகிறதா, ரப்பர் பட்டையால் இழுபட்டு வருகிறதா என்பதைக் கை சொல்லிவிடும்.

சீர் குலைந்தால் எண் உதவாது

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் மனதில் நிறுத்த வேண்டுமானால் இந்தப் பகுதியை நிறுத்துங்கள். எஃப்பிஎஸ் என்று திரையின் ஓரத்தில் காட்டுவது சராசரி. ஒரு நொடியில் 50 பிரேம்கள் தலா 10 மில்லி நொடியில் வந்துவிட்டன, மீதி அரை நொடியை 5 பிரேம்கள் தலா 100 மில்லி நொடியாகத் தின்றுவிட்டன என்றால், சராசரி 55 எஃப்பிஎஸ். எண் அழகாக இருக்கிறது. விளையாடுகிறவருக்கோ ஐந்து தடவை படம் நின்று நின்று போனது. மணிக்கு ஆறு பஸ் என்று பலகையில் எழுதியிருக்கும். மூன்று பஸ் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டு, அப்புறம் அரைமணி நேரம் ஒன்றுமே வராது. பலகை பொய் சொல்லவில்லை, ஆனால் நிறுத்தத்தில் நிற்பவருக்கு அந்தப் பலகையால் பயனில்லை.

கிராபிக்ஸ் கார்டுகளை மதிப்பிடும் பத்திரிகைகள்கூடப் பல வருடங்கள் சராசரியை மட்டுமே அச்சிட்டுவந்தன. 2011இல் டெக் ரிப்போர்ட் இணையதளத்தின் ஸ்காட் வாசன் நொடிக்குள்ளே புகுந்து ஒவ்வொரு பிரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தை வரைபடமாகப் போட்டுக் காட்டினார். சராசரியில் சமமாக நின்ற கார்டுகள் உள்ளே எவ்வளவு வேறாக நடந்துகொள்கின்றன என்பது அதில் தெரிந்தது. இன்று எல்லா விமர்சனங்களிலும் பார்க்கும் '1 சதவீத லோ' அந்தச் சிந்தனையின் தொடர்ச்சி. மிக மெதுவாக வந்த ஒரு சதவீத பிரேம்களின் வேகத்தை அது சொல்கிறது. கார்டோ லேப்டாப்போ வாங்குமுன் விமர்சனம் படித்தால் சராசரியைத் தாண்டி இந்த எண்ணைத் தேடுங்கள். சராசரி 90, 1 சதவீத லோ 35 என்றிருக்கும் கருவியைவிட, 70க்கு 58 என்றிருக்கும் கருவி நல்ல கருவி.

2015இல் வந்த 'பிளட்போர்ன்' இதற்கு நல்ல உதாரணம். அருமையான கேம். பிளேஸ்டேஷன் 4இல் 30 எஃப்பிஎஸ்ஸில் ஓடியது, எண்ணிப் பார்த்தால் 30 இருக்கவும் செய்தது. ஆனால் பிரேம்கள் 33 மில்லி நொடிக்கு ஒன்று என்று சீராக வராமல் இடையிடையே 16, 50 என்று தாறுமாறாக வந்தன. மற்ற 30 எஃப்பிஎஸ் கேம்கள் உறுத்தாதவர்களுக்கும் இது உறுத்தியது.

இதிலிருந்து கிடைக்கும் வழி எளிது, காசும் செலவில்லை. உங்கள் கருவி 45க்கும் 75க்கும் இடையே ஊசலாடுகிறது என்றால் கேம் செட்டிங்ஸிலோ கார்டின் மென்பொருளிலோ ஒரு வரம்பு வையுங்கள். தன்னால் எப்போதும் எட்ட முடிகிற வேகத்தில் நிற்கும் கேமுக்குக் கை பழகிவிடும். ஏறி இறங்கும் கேமுக்குப் பழகவே முடியாது, ஏனென்றால் குறிபார்க்கும் உணர்வு ஒவ்வொரு சண்டையிலும் மாறிக்கொண்டே இருக்கும். அதுவும் வேகம் சரிவது எப்போது? குண்டு வெடித்து, புகை எழுந்து, நாலு பேர் ஒரே நேரத்தில் பாயும்போதுதான். கை கூர்மையாக இருக்க வேண்டிய அதே கணம். ஆளில்லா மைதானத்தில் நின்றுகொண்டு எஃப்பிஎஸ் பார்த்துத் திருப்திப்படுவதில் பொருளில்லை. கூட்டமான சண்டையில் பார்த்து வரம்பை அங்கே வையுங்கள்.

ஆன்லைன் கேமில் ஒரு குழப்பம் வரும். படம் நிற்கிறதா, நெட் நிற்கிறதா? பார்வையை நின்ற இடத்திலேயே சுழற்றிப் பாருங்கள். சுழற்சி வழுவழுப்பாக இருக்கிறது, ஆனால் எதிராளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறான், சுட்ட குண்டு பதியவில்லை என்றால் பிங், அதாவது நெட் தாமதப் பிரச்சினை. கார்டு மாற்றினால் தீராது. சுழற்சியே திக்குகிறது என்றால் பிரேம் பிரச்சினை. நெட் பிளான் மாற்றினால் தீராது.

திரை ஒத்துழைக்க வேண்டும்

கேம் நொடிக்கு எத்தனை பிரேம் வரைகிறது என்பது ஒன்று. திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறது என்பது இன்னொன்று. 60 ஹெர்ட்ஸ் திரைக்குக் கேம் 120 பிரேம் அனுப்பினாலும் 120 முழுப் படங்களைக் காட்ட அதனால் முடியாது. அனுப்புவது முழுவதும் வீண் என்றும் சொல்ல முடியாது, திரையில் வரும் படம் கொஞ்சம் புதியதாக இருக்கும். கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடும் தேர்ந்த கைகள் திரையின் ஹெர்ட்ஸைத் தாண்டி 300, 400 என்று ஓடவிடுவது இதற்காகத்தான்.

இரண்டும் ஒத்துப்போகாதபோது, திரை பாதி வரைந்துகொண்டிருக்கையில் அடுத்த பிரேம் வந்து விழுந்து, படம் நடுவில் கிழிந்தது போல ஒரு கோடு தெரியும். அதைத் தடுக்க வி-சிங்க் இருக்கிறது. பிரேமைத் திரை தயாராகும்வரை நிறுத்திவைக்கும். ஆனால் கைக்குப் பதில் தாமதமாகும். அதோடு, 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு பிரேம் 16.7 மில்லி நொடியை மயிரிழையில் தவறவிட்டாலும் அடுத்த முறைக்குக் காத்திருந்து 33.3இல்தான் வரும். 58இல் ஓடக்கூடிய கேம் 30க்கு விழுவது இப்படித்தான். அப்படி விழாமல் 45இல் நின்றாலும் பயனில்லை, இரண்டு பிரேம்கள் தலா ஒரு தடவை, மூன்றாவது இரண்டு தடவை என்று காட்டப்பட்டு அசைவு நொண்டும்.

இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட். கேம் பிரேமை முடிக்கும்போதுதான் திரை புதுப்பிக்கும். என்விடியா 2013இல் ஜி-சிங்க்கை அறிவித்தது, ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் 2015இல் வந்தன, இப்போது எச்டிஎம்ஐ 2.1 வழியாக டிவிகளிலும் கன்சோல்களிலும் இருக்கிறது. பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், இந்த வசதியில்லாத 240 ஹெர்ட்ஸைவிட இது உள்ள 144 ஹெர்ட்ஸை எடுங்கள். இதற்கும் ஓர் எல்லை உண்டு. பல மானிட்டர்களில் 48க்குக் கீழே நேரடியாக வேலை செய்யாது. மேல் பக்கத்தில், 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 140 அளவில் வரம்பு வைத்தால் எல்லைக்கு உள்ளேயே இருக்கும்.

மானிட்டர் புதிதாக வாங்கியவர்கள் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதியில் ரெஃப்ரெஷ் ரேட் 144 என்று இருக்கிறதா? பெரும்பாலும் 60இலேயே நின்றிருக்கும், மாதக்கணக்கில் தெரியாமல் ஆடுகிறவர்கள் உண்டு. கேபிள் கிராபிக்ஸ் கார்டில் சொருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டிலா? கேபிள் அந்த வேகத்தைத் தாங்குமா? டிவியில் ஆடுகிறவர்கள் கேம் மோடைப் போட்டே ஆக வேண்டும். சாதாரண மோடில் டிவி படத்தை அழகுபடுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் பல மாடல்களில் 100 மில்லி நொடிக்கு அருகேகூடத் தாமதம் சேர்கிறது. 30இலிருந்து 60க்குப் போய்ச் சம்பாதித்ததை எல்லாம் அது விழுங்கிவிடும்.

எந்த கேமுக்கு எவ்வளவு

சண்டை கேம்களில் 60 என்பது வசதியல்ல, விதி. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'இல் மிக வேகமான குத்து நான்காவது பிரேமில் படுகிறது. டிரைவ் இம்பாக்ட் என்ற பெரிய அடி 26 பிரேம் எடுத்து வருகிறது, அதாவது சுமார் 433 மில்லி நொடி. அதைப் பார்த்து, அடையாளம் கண்டு, தடுக்க வேண்டும். மனிதக் கைக்கான 250ஐக் கழித்தால் மிச்சம் 180 சொச்சம். டிவி 100ஐத் தின்றால் எண்பதுதான் மிச்சம், மற்ற தாமதங்களெல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். 'என்னால் முடியவே இல்லை' என்று சோர்ந்துபோகும் பிள்ளைகள் பலருக்குத் தேவை வேறு பயிற்சியல்ல, டிவியின் கேம் மோடு. பிரேம் தவறினால் இந்த கேம்களின் முழுக் கணக்கும் தவறுகிறது, ஆகவே இங்கே கிராபிக்ஸை எவ்வளவு குறைத்தாலும் சரி, 60 உடையக் கூடாது.

துப்பாக்கிச் சண்டை கேம்களில் 60 தொடக்கம், 120 முதல் 144 வரை நல்ல இடம். அதற்குமேல் காசு இருந்தால் பார்க்கலாம். கார் பந்தயத்துக்கும் 60 வேண்டும். விஆர் தனி உலகம்: தலை திரும்பியும் படம் பிந்தி வந்தால் குமட்டல் வரும். 2016இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்டும் எச்டிசி வைவும் 90 ஹெர்ட்ஸை வைத்தன. விஆரில் பிரேம் தவறினால் சகித்துக்கொண்டு தொடராதீர்கள், கழற்றிவிட்டு செட்டிங்ஸைக் குறையுங்கள்.

செஸ், சிவிலைசேஷன் போன்று முறை வைத்து ஆடுபவற்றுக்கு 30 தாராளம். நடந்து, பார்த்து, கதை கேட்டு ஆடும் கேம்களுக்குச் சீரான 30 அல்லது 40 போதும். அங்கே ஒளியின் அழகுக்கு முன்னுரிமை கொடுப்பதில் தவறே இல்லை. 1998இல் வந்த 'ஸெல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்' நின்டெண்டோ 64இல் 20 எஃப்பிஎஸ்ஸில்தான் ஓடியது, அதை உன்னதமான கேம் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். 2005இன் 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' பிளேஸ்டேஷன் 2இல் பல இடங்களில் அந்த 20க்கும் கீழே போனது. குறைந்த பிரேம் ரேட் கேமைக் கொல்லாது. அந்த கேம் கையிடம் என்ன கேட்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். கன்சோலில் பர்ஃபார்மன்ஸ் மோடு, குவாலிட்டி மோடு என்று கேட்டால், இரண்டிலும் ஒரே சண்டையை ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் கை எப்போதும் பர்ஃபார்மன்ஸ் பக்கம்தான் போகிறது.

போனில் ஆடுகிறவர்களுக்கு

நம் ஊரில் கேம் என்றால் பெரும்பாலும் போன்தான். பப்ஜி, பிஜிஎம்ஐ இரண்டிலும் கிராபிக்ஸ் ஒரு வரிசை, பிரேம் ரேட் ஒரு வரிசை. பிரேம் ரேட் வரிசையில் ஹை என்பது 30, அல்ட்ரா 40, எக்ஸ்ட்ரீம் 60; பிறகு சில போன்களுக்கு 90, 120 வந்தன. இங்கே பெயர்கள் ஏமாற்றும். அல்ட்ரா என்றதும் உச்சம் என்று தோன்றும், அது 40தான். ஆட்டக்காரர்கள் சொல்லும் 'ஸ்மூத் எக்ஸ்ட்ரீம்' கூட்டணி, அதாவது கிராபிக்ஸைக் கீழே இறக்கி பிரேமை 60க்கு ஏற்றுவது, பெரும்பாலான போன்களுக்குச் சரியான தேர்வு. கிராபிக்ஸை எச்டிஆருக்கு ஏற்றினால் உயர்ந்த பிரேம் ரேட் தேர்வுகள் பூட்டிக்கொள்ளலாம். விளம்பரத்தில் 120 ஹெர்ட்ஸ் திரை என்று இருந்தாலும் கேம் 60க்குத்தான் அனுமதிக்கிறதா என்று வாங்குமுன் அந்த மாடலைக் குறித்து விசாரியுங்கள்.

போனின் உண்மையான எதிரி சூடு. முதல் ஆட்டத்தில் 90 காட்டும் போன் மூன்றாவது ஆட்டத்தில் 50க்கு வருவது பழுதல்ல. சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. மே மாத மதியத்தில் மின்விசிறிக் காற்று மட்டும் உள்ள அறையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடினால் சூடு இரண்டு பக்கமிருந்தும் வரும். தடிமனான கவரைக் கழற்றிவிடுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், பின்னணியில் ஓடும் செயலிகளை மூடுங்கள். நீண்ட நேரம் ஆடுவதானால் முதலிலேயே 60இல் நிறுத்துங்கள். கடைசி வட்டத்தில் 60 கையில் இருக்கும்; 90இல் தொடங்கியவரிடம் அது இருக்காது.

கணினியில் எதைக் குறைப்பது

எஃப்பிஎஸ் போதவில்லை என்றதும் எல்லாவற்றையும் லோவுக்கு இறக்குவது வீண். முதலில் தடை எங்கே என்று பாருங்கள். ரெசல்யூஷனை மட்டும் 720க்குக் குறையுங்கள். எஃப்பிஎஸ் துள்ளி ஏறினால் கிராபிக்ஸ் கார்டு தவிக்கிறது. அப்படியே நின்றால் பிராசஸர்தான் தவிக்கிறது, ரெசல்யூஷனைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிடலாம்.

கார்டு தவித்தால் ரே டிரேசிங், நிழல், பனிமூட்டம், மேகம், பிரதிபலிப்பு என்ற வரிசையில் ஒவ்வொரு படி இறக்குங்கள். டெக்ஸ்சரைக் கடைசிவரை தொடவேண்டாம்; கார்டின் மெமரி கொள்ளும்வரை அது வேகத்தை அவ்வளவாகப் பாதிக்காது, மெமரி நிரம்பினால்தான் படம் திக்கத் தொடங்கும். பிராசஸர் தவித்தால் கூட்டத்தின் அடர்த்தி, தொலைவுக் காட்சி இரண்டையும் குறையுங்கள். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் கார்டுக்குத்தான் உதவும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் சொருகி ஆடுங்கள். தனி கார்டு இல்லாத கணினியில் ஒரே ரேம் குச்சி இருந்தால், அதே அளவில் இன்னொன்று சேர்ப்பது செலவுக்கேற்ற மிகப் பெரிய முன்னேற்றம். ஒரு புதிய இடத்துக்குள் நுழையும்போது மட்டும் திக்கி, இரண்டாம் தடவை அதே இடத்தில் திக்கவில்லை என்றால் பெரும்பாலும் அது ஷேடர் தயாரிப்பு; கேம் தொடக்கத்தில் 'ஷேடர் தயாராகிறது' என்று காத்திருக்கச் சொன்னால் அவசரப்படாமல் காத்திருங்கள்.

வேகத்தை ஏற்றினால் உடையும் கேம்கள்

பழைய கேம்கள் பலவற்றில் உலகம் பிரேமையே கடிகாரமாக வைத்து நடக்கிறது. 1978இன் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பிரேமுக்கு ஓர் எதிரியை மட்டுமே நகர்த்தியது. எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்களின் முறை சீக்கிரம் சீக்கிரம் வந்து, தானாகவே வேகம் பிடித்தார்கள். உருவாக்கிய டோமோஹிரோ நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவைத்தார். அந்த கேமின் பதற்றமே அதில்தான் இருக்கிறது. அமெரிக்க, ஜப்பானிய டிவிகளின் 60 ஹெர்ட்ஸுக்கு எழுதிய கேம்களை மாற்றியமைக்காமல் ஐரோப்பிய டிவிகளின் பால் (PAL) முறையின் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். ஐரோப்பாவில் 'சோனிக்' இசையோடு சேர்ந்து மெதுவாக ஓடியது இதனால்தான்.

இது அந்தக் காலத்தோடு முடியவில்லை. 2011இன் 'ஸ்கைரிம்'இல் 60ஐத் தாண்டினால் மேசைமேல் இருக்கும் பாத்திரங்கள் தாமாகவே துள்ளிப் பறக்கின்றன. 2014இன் 'டார்க் சோல்ஸ் 2'இல் 60 எஃப்பிஎஸ்ஸில் ஆடிய கணினி ஆட்டக்காரர்களின் ஆயுதங்கள் இரண்டு மடங்கு வேகமாகத் தேய்ந்தன, பிறகுதான் சரிசெய்தார்கள். பழைய கேமில் விசித்திரமாக ஏதாவது நடந்தால் கார்டைச் சந்தேகிக்குமுன் வரம்பை 60க்கோ 30க்கோ இறக்கிப் பாருங்கள்.

இடையில் செருகப்படும் பிரேம்கள்

2022இல் டிஎல்எஸ்எஸ் 3, அடுத்த வருடம் எஃப்எஸ்ஆர் 3 என்று பிரேம் ஜெனரேஷன் வந்தது. உண்மையில் வரைந்த இரண்டு பிரேம்களுக்கு நடுவே ஊகித்து ஒன்றைச் செருகுகிறது. 2025இன் டிஎல்எஸ்எஸ் 4 மூன்று வரை செருகுகிறது. ஓரத்தில் காட்டும் எண் துள்ளி ஏறும். கண்ணுக்கு வழுவழுப்பு உண்மையாகவே கூடும். கைக்கு அது கூடுவதில்லை: நடுவில் செருக வேண்டுமானால் அடுத்த உண்மையான பிரேம் தயாராகும்வரை முந்தையதைப் பிடித்துவைக்க வேண்டும், ஆகவே தாமதம் சற்றுக் கூடவே செய்கிறது. விற்பனைப் பலகையில் 120 என்று போட்டிருக்கும்போது அது வரைந்த 120ஆ, செருகிய 120ஆ என்று கேளுங்கள். இது இல்லாமலேயே 60 அல்லது 70 வருகிறது, மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், ஆடுவது கதை கேம் என்றால் தயங்காமல் போடுங்கள், நன்றாக இருக்கும். இல்லாமல் 30தான் வருகிறது என்றால் போட்டாலும் 60க்கான படம் தெரியும், 30க்கும் மோசமான கைதான் கிடைக்கும். அப்போது அதை அணைத்துவிட்டு, நிழலையும் ரே டிரேசிங்கையும் ஒரு படி இறக்கி, 40இல் வரம்பு வையுங்கள்.